மீளும் கணக்கும் மீளாக் கணக்கும்

திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளையவர்களை நாம் ‘மனோன்மணீயம்’ என்னும் நாடகத்தால் அறிவோம். 1891-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நாடகத்தின் பேரொளியில், அவர் இயற்றிய மற்றொரு சிறு நூல் பலர் கண்ணிலும் படாமற் போயிற்று. ‘நூற்றொகை விளக்கம்’ என்பது அதன் பெயர். உலகில் வழங்கும் அறிவுத்துறைகள் யாவை, அவை எவ்வாறு வகைப்படும் என்பவற்றைத் தமிழ் உரைநடையில் வகுத்துக் காட்ட முற்பட்ட நூல் அது. அறிவியல் நம் மொழியில் பேசப்பட வேண்டும் என்னும் வேட்கை, தமிழகத்தின் நடுவிலிருந்து மட்டுமன்று, மலையாளம் வழங்கும் இந்நகரிலிருந்தும் எழுந்தது என்பதற்கு அந்நூல் சான்று.

துறைகளை வகுத்துரைத்த அவ்வறிஞர் வாழ்ந்த நகரின் அருகிலேயே, துறைகளின் வரம்புகள் கரையும் ஓர் ஆய்வு இன்று நடைபெற்று வருகிறது. கணிதம் எங்கே முடிகிறது, இயற்பியல் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க ஒண்ணாத ஆய்வு அது. குவாண்டம் கணிப்பு என்றும், மீள் கணிப்பு என்றும் அதனை வழங்குவர். பெயர் புதிதேயாயினும், அதன் வரலாறு எளிய ஒரு வினாவைச் சுற்றியே சுழல்கிறது. அழிந்துபோனதை மீட்க இயலுமா என்பதே அவ்வினா. இவ்வினாவுக்கு மூவகை விடைகள் கிடைத்தன. அவற்றுள் இரண்டு, கோட்டயத்தில் தோன்றிச் சென்னையில் கற்ற ஒருவரிடமிருந்தும், சென்னையிலேயே பிறந்து வளர்ந்த மற்றொருவரிடமிருந்தும் வந்தவை. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

சோழிக் கணக்கு

கணிப்பொறி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே கணிப்பு இருந்தது. ஜான் வாரன் என்பார் தென்னாட்டுக் காலக்கணித முறைகளை ஆராய்ந்து ‘கால சங்கலித’ என்னும் ஆங்கில நூலை 1825-ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையிற் பரப்பிய சோழிகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அவர் அந்நூலில் பதிவு செய்துள்ளார். கணிப்புக்கு வேண்டிய வாய்பாடுகள் அனைத்தும் சொற்களாகவும் அசைகளாகவும் அக்கணிதரின் நினைவில் இருந்தன. வானியல் வரலாற்றறிஞர் ஆட்டோ நாய்கெபாயர் 1952-ஆம் ஆண்டில் ‘தமிழ் வானியல்’ என்னும் பொருள் பற்றி ஆராய்ந்து எழுதியபோது இக்குறிப்பையே முதன்மையாகக் கொண்டார்.

எண்களைச் சொற்களாக்கி மனத்தில் இருத்தும் இம்முறை தமிழ்நாட்டுக்கும் மலையாள நாட்டுக்கும் பொதுவானது. வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்கள் இரு நாட்டிலும் பயின்றன. பதினான்காம் நூற்றாண்டில் தோன்றிய சங்கமக்கிராமத்து மாதவன் அவ்வாக்கியங்களை மேலும் நுட்பமாகத் திருத்தியமைத்தார். மொழிகள் இரண்டாகப் பிரிந்த பின்னும் கணக்கு ஒன்றாகவே நின்றது.

அச்சோழிக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. மூன்று சோழிகளோடு நான்கைச் சேர்த்தால் ஏழு ஆகும். சேர்த்த பின் தரையில் ஏழு சோழிகளே கிடக்கின்றன. அவ்வேழு, மூன்றும் நான்கும் சேர்ந்து வந்ததா, ஐந்தும் இரண்டும் சேர்ந்து வந்ததா என்று எவரும் சொல்ல இயலாது. விடை நிற்கிறது, வந்த வழி அழிந்துவிடுகிறது. இத்தகைய கணக்கை மீளாக் கணக்கு எனலாம். ஆனால் ஏழு சோழிகளை ஒருபுறம் வைத்து, தொடக்கத்திலிருந்த மூன்று என்னும் எண்ணையும் மற்றொருபுறம் காத்து வைத்தால், ஏழிலிருந்து மூன்றை நீக்கிப் பழைய நிலைக்கே திரும்பிவிடலாம். அஃது மீளும் கணக்கு. இவ்வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் ஆழ்ந்த ஆய்வுகள் சில இதிலிருந்தே கிளைத்தன.

மறத்தலின் விலை

1961-ஆம் ஆண்டில் ரால்ஃப் லாண்டௌர் என்னும் இயற்பியலறிஞர் இவ்வேறுபாட்டின் விலையைக் கணக்கிட்டார். ஜெர்மனியில் பிறந்து, இளமையிலேயே அமெரிக்காவில் குடியேறி, ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆய்வாளராகப் பணியாற்றியவர் அவர். கணிப்பொறி ஏன் சூடாகிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. கம்பிகளின் தடையும் உறுப்புகளின் குறையும் காரணம் என்று கூறிவிடுவது எளிது. அவற்றையெல்லாம் முற்றும் நீக்கிவிட்டாலும் எஞ்சி நிற்கும் வெப்பம் ஒன்று உண்டா என்று அவர் ஆராய்ந்தார்.

உண்டு என்பதே அவர் கண்ட விடை. கணக்கிடுதல் தானாக வெப்பம் தருவதில்லை. அழித்தலே வெப்பம் தருகிறது. ஆம், அன்று என்னும் இரண்டில் ஒன்றைக் குறிக்கும் ஒற்றைத் தகவலை அழிக்கும்போது, சூழலின் வெப்பநிலைக்கேற்ப ஒரு சிறு வெப்பம் வெளிப்பட்டே தீரும். அறையின் சாதாரண வெப்பநிலையில் அதன் அளவு மிக மிகச் சிறியது. ஒரு ஜூல் ஆற்றல் வெளிப்பட வேண்டுமாயின் ஏறத்தாழ 35 லட்சம் கோடி கோடித் தகவல்களை அழிக்க வேண்டும். ஆயினும் அது சுழியன்று. 2012-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு லியோன் நகரில், நீரில் மிதக்கும் நுண்ணிய கண்ணாடி மணி ஒன்றை லேசர் ஒளியால் பிடித்து நிறுத்திச் செய்த சோதனை, லாண்டௌர் கூறிய எல்லையை மெய்ப்பித்தது. மறத்தலுக்கும் ஒரு விலை உண்டு என்பது இவ்வாறு இயற்கை விதியாக நிலைபெற்றது.

அங்ஙனமாயின், அழிக்காமலே கணக்கிடலாகாதா? ஆகும் என்று அதே நிறுவனத்தின் சார்லஸ் பென்னட் 1973-ஆம் ஆண்டில் காட்டினார். ஒவ்வொரு படியின் குறிப்பையும் காத்துக்கொண்டே விடை காணல் வேண்டும்; விடையைத் தனியே படியெடுத்துக்கொள்ளல் வேண்டும்; பின்பு வந்த வழியே ஒவ்வொரு படியாகத் திரும்பிச் சென்று குறிப்புகளை அவிழ்த்துவிடல் வேண்டும். முடிவில் பலகை தூய்மையாகிறது. ஆனால் எதுவும் துடைக்கப்படவில்லை. கோலத்தை நீர் தெளித்து அழிப்பது ஒன்று. இழுத்த கோட்டை இழுத்த முறையிலேயே பின்னோக்கி எடுத்துவிடுவது மற்றொன்று. பென்னட் காட்டியது இரண்டாவது வழி. 1982-ஆம் ஆண்டில் எட்வர்ட் ஃபிரெட்கின், டொம்மாசோ டொஃபோலி ஆகிய இருவரும், மீளும் கணக்குக்குரிய அடிப்படை உறுப்புகளை வகுத்து வெளியிட்டனர்.

இவ்வாய்வு குவாண்டம் இயங்கியலோடு இணைந்தது இயல்பே. அணுவின் உலகை ஆளும் அடிப்படைச் சமன்பாடு, புறத்தொடர்பின்றி விடப்பட்ட எப்பொருளுக்கும் முற்றும் மீள்தகு சமன்பாடாகும். முன்னோக்கிச் செல்வதைப் பின்னோக்கியும் செலுத்தலாம். ஆகவே அணுக்களைக் கொண்டு கணிப்பொறி செய்ய விரும்புவோர் மீளும் கணக்கையே கைக்கொள்ள வேண்டும். பால் பெனியாஃப் 1980-ஆம் ஆண்டிலும், ரிச்சர்ட் ஃபைன்மன் அதனை அடுத்தும் இவ்வழியில் சிந்தித்தனர். 1985-ஆம் ஆண்டில் டேவிட் டாய்ச் குவாண்டம் கணிப்பொறிக்குப் பொது இலக்கணம் வகுத்தார். மிகப் பெரிய எண்களை இத்தகைய பொறி விரைவில் பகா எண்களாகப் பகுத்துவிடும் என்று பீட்டர் ஷோர் 1994-ஆம் ஆண்டில் நிறுவியபோது, மறையெழுத்தைக் காக்கும் அரசுகளும் வங்கிகளும் விழித்தெழுந்தன.

கசிவின் கணிதம்

லாண்டௌரின் கட்டுரை வெளிவந்த அதே 1961-ஆம் ஆண்டில், மற்றொரு கட்டுரையும் ‘பிசிக்கல் ரிவ்யூ’ என்னும் ஆய்விதழில் வெளிவந்தது. அதனை எழுதியோர் மூவர். ஒருவர் எண்ணக்கல் சாண்டி ஜார்ஜ் சுதர்சன். மற்றிருவர் பி.எம். மேத்யூஸ், ஜெயசீதா ராவ்.

சுதர்சன் 1931-ஆம் ஆண்டில் கோட்டயத்தை அடுத்த பள்ளம் என்னும் ஊரில் பிறந்தவர். கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் தொடங்கிய அவர் கல்வி, தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் வளர்ந்தது. மும்பை டாட்டா ஆய்வு நிலையத்தில் சில காலம் பணியாற்றிய பின், அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். மேத்யூஸ் பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகக் கோட்பாட்டு இயற்பியல் துறையின் தலைவரானவர். அவரும் வெங்கடேசனும் சேர்ந்து எழுதிய குவாண்டம் இயங்கியல் பாடநூலைக் கல்லாது இந்நாட்டில் இயற்பியல் பட்டமேற்படிப்பை முடித்தோர் சிலரே.

அம்மூவர் எடுத்துக்கொண்ட பொருள், லாண்டௌரின் வினாவுக்கு மறுதலையாய் அமைந்தது. தனித்து விடப்பட்ட பொருள் மீளும் நெறியில் இயங்கும் என்பது உண்மையே. ஆனால் இவ்வுலகில் தனித்து விடப்பட்ட பொருள் எது? ஒவ்வோர் அணுவும் சுற்றியுள்ள காற்றோடும் ஒளியோடும் வெப்பத்தோடும் ஓயாது உறவாடுகிறது. அவ்வுறவின்போது அணு தாங்கிய செய்தி சிறிது சிறிதாகச் சூழலுக்குள் கசிகிறது. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் காதில் மெல்லச் சொன்ன சொல் நாலாபுறமும் பரவுவது போன்றது இது. பரவிய சொல்லைத் திரட்டி மீண்டும் ஒருவர் வாய்க்குள் அடைத்தல் இயலாது. அங்ஙனம் சூழலோடு உறவாடும் குவாண்டம் பொருளின் நிலை எவ்வெவ்வாறெல்லாம் மாறக்கூடும் என்பதற்குப் பொதுவான கணித வடிவத்தை அம்மூவரும் கண்டனர்.

அந்நாளில் அக்கட்டுரைக்குப் பயன் யாதென்று எவரும் கேட்டிருப்பின் விடை கூறல் அரிதாயிருந்திருக்கும். குவாண்டம் கணிப்பொறி என்னும் சொல்லே அப்போது பிறக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து 1976-ஆம் ஆண்டில், விட்டோரியோ கொரினி, ஆந்திரே கொசாகௌஸ்கி ஆகியோருடன் சேர்ந்து சுதர்சன் அவ்வாய்வை மேலும் நிறைவுசெய்தார். கசிவு இடைவிடாது நிகழும்போது பொருளின் நிலை கணந்தோறும் எவ்வாறு மாறும் என்னும் சமன்பாட்டை அவர்கள் வகுத்தனர். அதே ஆண்டில் சுவீடன் நாட்டு யோரன் லிண்ட்பிளாட் தனித்து அதே முடிவை அடைந்தார். இன்று உலகெங்கும் குவாண்டம் கணிப்பொறி செய்வோர், தம் பொறி எங்கே கசிகிறது, எவ்வளவு விரைவில் கசிகிறது என்று கணக்கிட நாள்தோறும் எடுத்தாளும் சமன்பாடு அதுவே.

கசிவைத் தடுக்கும் வழியொன்றும் சுதர்சன் சிந்தனையிலிருந்து பிறந்தது. பைத்யநாத் மிஸ்ரா என்னும் அறிஞரோடு சேர்ந்து 1977-ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை, இடைவிடாது நோக்கப்படும் குவாண்டம் பொருள் தன் நிலையினின்றும் மாறாது நின்றுவிடும் என்று காட்டியது. பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் நிற்கிறது என்று வாதிட்ட கிரேக்க அறிஞர் சீனோவின் பெயரால் அவ்விளைவை அழைத்தனர். 1990-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் பெரிலிய அயனிகளைக் கொண்டு செய்த சோதனை அதனைக் கண்முன் காட்டியது.

முழுமையைக் கண்ட கணிதர்

அழித்தலுக்கு விலையுண்டு என்றார் லாண்டௌர். கசிதலுக்கு இலக்கணம் உண்டு என்றார் சுதர்சன். கசிந்தது எங்கே போகிறது என்னும் வினா எஞ்சி நின்றது. அதற்கு விடை கண்டவர் கணிதத் துறையினர்.

கல்யாணபுரம் ரங்காச்சாரி பார்த்தசாரதி 1936-ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்தார். விவேகானந்தா கல்லூரியில் கணிதம் பயின்று, கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சி.ஆர். ராவ் அவர்களிடம் ஆய்வு மேற்கொண்டார். நிகழ்தகவுக் கணிதத்தில் உலகப் புகழ் பெற்ற வரதராஜன், வரதன், ரங்கா ராவ் ஆகியோர் அந்நாளில் அவருடைய ஆய்வுத் தோழர்கள். பிற்காலத்தில் தில்லியிலுள்ள அந்நிறுவனக் கிளையில் பணியாற்றிய அவர், இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்து ராபின் ஹட்சனோடு சேர்ந்து 1984-ஆம் ஆண்டில் குவாண்டம் வாய்ப்புசார் நுண்கணிதம் என்னும் புதிய துறையைத் தோற்றுவித்தார்.

அதன் பயனைச் சோழிக் கணக்கைக் கொண்டே விளக்கலாம். தரையிலுள்ள ஏழு சோழிகளை மட்டும் நோக்குபவனுக்கு வந்த வழி அழிந்ததாகவே தோன்றும். ஆனால் கணிதரின் மடியில் கிடக்கும் சோழிகளையும் சேர்த்து நோக்குபவனுக்கு ஒன்றும் அழியவில்லை. அது போலவே, சுதர்சன் முதலியோர் வகுத்த மீளா இயக்கம் ஒவ்வொன்றும், பொருளையும் சூழலின் இரைச்சலையும் சேர்த்துப் பார்க்கும்போது, முற்றும் மீள்தகு பேரியக்கம் ஒன்றின் பகுதியாகவே அமைகிறது என்பதை ஹட்சனும் பார்த்தசாரதியும் வெளிப்படையான சமன்பாடுகளால் நிறுவினர். மீளாமை என்பது நாம் பகுதியை மட்டும் காண்பதால் தோன்றுவது. முழுமையில் எதுவும் தொலைவதில்லை. நூறு சொற்களில் தத்துவவாதிகள் கூற முயலும் கருத்தை, ஐயத்துக்கிடமின்றிக் கணிதம் கூறிவிட்டது. பார்த்தசாரதி தம் முதுமையிலும் குவாண்டம் பிழைதிருத்தக் குறியீடுகளைப் பற்றி மாணவர்க்குக் கற்பித்து வந்தார். 2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அவர் மறைந்தார்.

இங்ஙனம் கணிதமும் இயற்பியலும் கைகோத்த இடங்களுள் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்துக்குத் தனியிடம் உண்டு. 1962-ஆம் ஆண்டில் அல்லாடி இராமகிருஷ்ணன் அதனைத் தோற்றுவித்தார். 1980-களில் சுதர்சன் அமெரிக்காவிலிருந்து வந்து அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றார். அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். சைமன், ஒளிக்கற்றைகள் குவாண்டம் பிணைப்புற்றுள்ளனவா என்று அறிவதற்கு 2000-ஆம் ஆண்டில் வகுத்த அளவுகோலை உலகெங்கும் ஆய்வாளர் கையாளுகின்றனர்.

விதுராவில் ஒரு தொடர்ச்சி

இனித் திருவனந்தபுரத்துக்குத் திரும்புவோம். 1963-ஆம் ஆண்டில் தும்பா கடற்கரையிலிருந்து முதல் ஏவுகணை விண்ணோக்கி எழுந்தது முதல் அறிவியல் நகரென இந்நகர் பெயர் பெற்றது. 2008-ஆம் ஆண்டில் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று இங்கே தொடங்கப்பெற்றது. நகருக்குக் கிழக்கே, பொன்முடி மலையடிவாரத்தில், விதுரா என்னும் ஊரில் அதன் வளாகம் அமைந்துள்ளது. அகத்தியர் பெயரோடு நம்மவர் போற்றும் பொதிகைத் தொடரின் மேற்குச் சரிவு அது. மலையின் கீழைச் சரிவில் பொருநையாறு தமிழ்நாட்டுக்குள் இறங்குகிறது.

அந்நிறுவனத்தின் இயற்பியல் பேராசிரியர் அனில் ஷாஜி, டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் சுதர்சனின் மாணவராயிருந்து முனைவர் பட்டம் பெற்றவர். சூழலோடு முன்னரே பிணைப்புற்ற பொருளின் இயக்கத்துக்குப் பழைய விதிகள் போதுமா என்று ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து 2005-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 1961-இல் தொடங்கிய ஆய்வின் நேர்த் தொடர்ச்சி அது. பின்னர் 2008-ஆம் ஆண்டில், அனிமேஷ் தத்தா, கார்ல்டன் கேவ்ஸ் ஆகியோரோடு ஷாஜி எழுதிய கட்டுரை, ஒரேயொரு தூய கியூபிட்டையும் எஞ்சியவை முழுதும் கலங்கிய கியூபிட்டுகளையும் கொண்ட எளிய கணிப்பு முறைக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தது. குவாண்டம் பிணைப்பு மிகக் குறைவாயிருக்கும்போதும் அதனினும் நுண்ணிய உறவொன்று அங்கே நிலவுகிறது என்று அவர்கள் காட்டினர். கோட்டயத்தில் பிறந்து, தாம்பரத்தில் முளைவிட்டு, டெக்ஸாஸில் வளர்ந்த கல்வி மரபு, அகத்தியர் மலைச்சாரலுக்கே இவ்வாறு திரும்பி வந்து சேர்ந்துள்ளது.

இந்திய அரசு 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் 6,003.65 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. உலக நிறுவனங்களும் பெருமுயற்சியில் ஈடுபட்டுள்ளன. 2024-ஆம் ஆண்டின் இறுதியில் கூகுள் நிறுவனம் 105 கியூபிட்டுகள் கொண்ட பொறியொன்றை அறிவித்தது. பிழைதிருத்தத்துக்கு மேன்மேலும் கியூபிட்டுகளைச் சேர்க்கச் சேர்க்கப் பிழை குறைகிறது என்பதே அதன் சிறப்பு. ஆயினும் ஷோர் கண்ட வழியில் பெரிய மறையெழுத்தை உடைக்கும் பொறி இன்னும் உருவாகவில்லை. தடையாய் நிற்பது கசிவே.

நம் கடன்

இவ்வரலாற்றில் வருந்தத்தக்க செய்தியொன்றும் உண்டு. அணுக்கருவின் மென்விசைக்குச் சுதர்சன் தம் ஆசிரியர் மார்ஷக்கோடு 1957-ஆம் ஆண்டில் கண்ட கோட்பாடும், ஒளியின் குவாண்டம் இயல்புக்கு 1963-ஆம் ஆண்டில் அவர் வகுத்த வடிவமும் நோபல் பரிசுக்குரியன என்று கருதுவோர் பலர். 2005-ஆம் ஆண்டில் ஒளியியலுக்கான பரிசு ராய் கிளாபருக்கு வழங்கப்பட்டபோது சுதர்சன் பெயர் விடப்பட்டது. கிளாபரின் பணி பெரிது என்பதில் ஐயமில்லை. சுதர்சனின் பணியும் சிறிதன்று. அவர் தம் மறுப்பை நோபல் குழுவுக்கு வெளிப்படையாகவே எழுதினார். திறந்த குவாண்டம் இயக்கத்தின் சமன்பாட்டையும் பலர் லிண்ட்பிளாட் பெயரால் மட்டுமே வழங்குகின்றனர். 1961-ஆம் ஆண்டுக் கட்டுரையை நினைப்போர் அவரினும் குறைவு. 2018-ஆம் ஆண்டில் சுதர்சன் டெக்ஸாஸில் காலமானார்.

பெயர்களும் கசிவுக்கு உட்பட்டவையே என்பதை இதனால் அறிகிறோம். கட்டுரை எழுதப்படுகிறது, பிறர் அதனைப் பயன்படுத்துகின்றனர், விடை நிற்கிறது, வந்த வழி மறைகிறது. உலகம் மறந்ததற்காக உலகை நோவதினும், நாம் மறவாதிருத்தல் எளிது. அது நம் கையில் உள்ளது.

இந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இச்செய்தி புதிதன்று. 1956-ஆம் ஆண்டில் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது; திருவனந்தபுரம் கேரளத்தின் தலைநகராயிற்று. எல்லைக்கு இப்பால் தங்கிய நாம் வீட்டில் தமிழும், வீதியில் மலையாளமும், கல்லூரியில் ஆங்கிலமும் பேசி வாழ்கிறோம். அடுத்த தலைமுறைக்குச் செல்லும்போது வீட்டு மொழியே முதலில் கசிகிறது. சமையற் சொற்களும் உறவுப் பெயர்களும் மட்டும் எஞ்சி, அறிவைப் பேசும் தமிழ் தேய்ந்துவிடுகிறது.

இதற்குப் பென்னட் காட்டிய வழியே பொருந்தும். விடையை மட்டும் கைக்கொண்டு குறிப்புகளைத் துடைத்துவிடாதிருத்தல் வேண்டும். நம் பிள்ளைகள் விதுராவிலோ சென்னையிலோ அயல்நாட்டிலோ இவ்வறிவியலைக் கற்கட்டும். எம்மொழியில் கற்றாலும் கற்கட்டும். கற்றதை வீட்டுக்கு வந்து தமிழில் ஒருமுறை சொல்லிக் காட்டுமாறு அவர்களைக் கேட்பது பெற்றோர் கடன். சொல்லுக்குச் சொல் கிடைக்காத இடத்தில் சொல் ஆக்கிக் கொடுப்பது தமிழ்ச் சங்கங்களின் கடன். அறிவுத்துறைகள் அனைத்தையும் தமிழில் வகுத்துரைக்க இந்நகரிலிருந்தே ஒருவர் முற்பட்டார் என்னும் நினைவு நமக்குத் துணை நிற்கும்.